காந்தாரி கண்ட களம்: மகாபாரத ஸ்திரீ பருவத்தில் வீரமும் பத்தினிமையும்

ஆய்வுச் சுருக்கம்

மகாபாரதத்தின் பதினோராம் பருவமாகிய ஸ்திரீ பருவம், குருட்சேத்திரப் போருக்குப் பின் களத்திற்கு வந்த பெண்களின் புலம்பலைப் பாடுபொருளாகக் கொண்டது. அதன் நடுவில் நிற்கும் காந்தாரியைக் கற்பின் வடிவமாகவோ புத்திர சோகத்தின் வடிவமாகவோ மட்டும் காண்பது பெருவழக்கு. அவளுடைய பத்தினிமையே போரைக் காணும் கண்ணாகவும், போரைத் தீர்ப்பிடும் சொல்லாகவும் மாறுகிறது என்பதும், அத்தீர்ப்பு அவளையும் விட்டுவைக்கவில்லை என்பதும் இக்கட்டுரையின் கருத்து. தமிழ்ப் புறத்திணை மரபின் காஞ்சித் துறைகளும் வில்லிபாரதத்தின் பருவ அமைப்பும் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஸ்திரீ பருவம், காந்தாரி, பத்தினிமை, காஞ்சித்திணை, கையறுநிலை, வில்லிபாரதம், படுகளம்.

முன்னுரை

வில்லிபுத்தூரார் பாரதம் பத்துப் பருவங்களைக் கொண்டது. ஆதி பருவத்தில் தொடங்கிச் சௌப்திக பருவத்தோடு அது நிறைவுறுகிறது. அதற்கு அடுத்து வரவேண்டியது ஸ்திரீ பருவம். தமிழ்க் கற்றோர் பல தலைமுறைகளாகப் பாரதத்தை வில்லியின் வழியாகவே பயின்றனர் என்பதை நினைத்தால் இந்த எல்லைக்கோடு எங்கே விழுந்திருக்கிறது என்பது முதன்மை பெறும். போர் முடிந்தது, கொன்றவர் யார், மாண்டவர் யார் என்பது தெரிந்துவிட்டது, இனிக் களத்திற்குப் பெண்கள் வரவேண்டும் என்னும் இடத்தில் நூல் நின்றுவிடுகிறது. பெருந்தேவனாரின் பாரத வெண்பாவில் இன்று கிடைப்பன உத்தியோக, வீட்டும, துரோண பருவப் பகுதிகளே. பதினெட்டுப் பருவங்களையும் தமிழ்ச் செய்யுளில் தந்தவர் பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த நல்லாப்பிள்ளை. ஆயினும் வில்லிக்குக் கிடைத்த பயிற்சியும் உரைவளமும் அவர் நூலுக்கு வாய்க்கவில்லை.

இதன் விளைவாகத் தமிழ்த் திறனாய்வில் பாரதப் பெண்கள் என்றால் பாஞ்சாலியின் சபதமும் குந்தியின் மறைபொருளுமே முன்னுக்கு வருகின்றன. காந்தாரியைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் அவள் கண்ணைக் கட்டிக்கொண்டதைச் சொல்லி, கற்புக்கு அதை எடுத்துக்காட்டாக்கி, நூறு மக்களை இழந்த துயரைக் கூறி அமைந்துவிடுகின்றன. இந்தி நாடகாசிரியர் தர்மவீர் பாரதி தம் 'அந்தா யுக்' நாடகத்திலும் மானிடவியலர் ஐராவதி கார்வே தம் 'யுகாந்த' நூலிலும் காந்தாரியின் சினத்தை மையப்படுத்திய பின்னரும் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வுகளில் பழைய வாய்பாடே தொடர்வது வியப்புக்குரியது. அந்த வாய்பாடு பொய் என்பது என் வாதமன்று. அது பாதி வழியில் நின்றுவிடுகிறது.

கட்டிய கண்ணும் காணும் கண்ணும்

ஆதி பருவத்தில் காந்தாரி தன் கணவனாக வரப்போகிறவன் பார்வையற்றவன் என்று கேட்டுத் துணியொன்றைப் பல மடிப்புகளாக மடித்துக் கண்களைக் கட்டிக்கொள்கிறாள். கணவனுக்கு இல்லாத ஒன்றைத் தான் மிகுதியாகத் துய்ப்பதில்லை என்பது அவள் துணிவு. காப்பியம் இதைப் புகழ்ந்து சொல்லிக் கடந்துவிடுகிறது. அத்துணிவின் முழுப் பொருளும் வெளிப்படுவது பத்துப் பருவங்கள் கழிந்து, ஸ்திரீ பருவத்தில்தான்.

அங்கே அவளுடைய பார்வை இருமுறை செயற்படுகிறது. முதன்முறை, பாண்டவர் அவளைக் காண வரும்போது. அவள் சபிக்க எண்ணியிருப்பதை அறிந்து வியாசர் முன்னரே வந்து தடுக்கிறார். பதினெட்டு நாளும் துரியோதனன் வந்து வாழ்த்து வேண்டியபோது, அறம் இருக்கும் பக்கமே வெற்றி என்று அவளே விடையிறுத்ததை நினைவூட்டுகிறார். அவள் அடங்குகிறாள், ஆனால் அடங்கிய சினம் அழிந்த சினமன்று. வீமனை நோக்கி அவள் கேட்கும் வினாக்கள் ஒரு வழக்காடுமன்றத்தின் வினாக்கள் போல அமைகின்றன. தொடையில் அடித்தது ஏன்? துச்சாதனன் குருதியைக் குடித்தது ஏன்? வீமன் முதல் வினாவுக்கு, அறமோ அறமன்றோ, உயிரச்சத்தால் செய்தேன், வேறு வழியில் அவனை வெல்ல இயலாது என்று ஒப்புக்கொள்கிறான். இரண்டாவதற்கு, குருதி தன் இதழையும் பல்லையும் தாண்டி உள்ளே செல்லவில்லை என்கிறான். ஒரு பெருவீரன் தன் வீரத்தின் உச்சச் செயலை இவ்வாறு அளந்து குறைத்துச் சொல்ல நேர்வது காப்பியத்தில் வேறெங்கும் இல்லை எனலாம். பார்வையற்ற இரு முதியவர்க்கு ஊன்றுகோலாக ஒருவனையேனும் விட்டுவைத்திருக்கக் கூடாதா என்று அவள் கேட்கும்போது வீமனிடம் விடையில்லை.

பின்னர்த் தருமன் தானே அவள் முன் வந்து நின்று, சாபத்திற்குத் தான் உரியவன் என்கிறான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணைக் கட்டிய துணியின் ஓரத்து இடைவெளி வழியே அவள் பார்வை அவன் கால்விரல் நுனியில் படுகிறது. நகங்கள் நிறம் கெட்டுப்போகின்றன. அதைக் கண்ட அருச்சுனன் கண்ணனுக்குப் பின்னே ஒதுங்கிக்கொள்கிறான். குருட்சேத்திரத்தில் பதினெட்டு நாள் தேரில் நின்றவன், துணி கட்டிய ஒரு மூதாட்டியின் பார்வைக்கு அஞ்சிப் பின்வாங்கும் இச்சிறு குறிப்பைக் காப்பியம் விளக்காமல் விட்டிருப்பது அதன் வலிமை.

இங்கு ஒரு செய்தியை இடையே கூறுதல் வேண்டும். காந்தாரி கண்கட்டை அவிழ்த்துத் துரியோதனன் உடலை நோக்கி அதை வயிரமாக்கினாள் என்றும், அவன் தொடையை மறைத்திருந்ததால் அப்பகுதி மட்டும் தப்பியது என்றும் வழங்கும் கதை, பூனா பண்டார்கர் ஆய்வு நிறுவனச் செம்பதிப்பில் இல்லை. மாணவர் ஆய்வேடுகளில் இது வியாசபாரதச் செய்தியாகவே எழுதப்படுவதைக் காண்கிறோம். ஆனால் அந்தக் கதையை உண்டாக்கிய மக்கள் மனம் ஒன்றைச் சரியாகப் பிடித்திருக்கிறது: அடக்கி வைத்த பார்வை ஆற்றலாகத் திரளும் என்பது அது. வேறுபாடு என்னவெனில், மக்கள் கதையில் அவ்வாற்றல் வீரனின் உடலைக் காக்க முயல்கிறது; ஸ்திரீ பருவத்திலோ அது வீரம் விட்டுச்சென்றதைக் காண்கிறது.

அதுவே இரண்டாம் முறை. வியாசர் அளித்த வரத்தால், தொலைவில் இருந்தபடியே களம் முழுவதையும் அருகில் இருப்பது போல அவள் காண்கிறாள். இவ்விடத்தில் அவளுக்குக் காப்பியம் தரும் அடைமொழிகள் கருதத்தக்கவை. பதிவிரதை, கணவனோடு ஒத்த விரதம் உடையவள், கடுந்தவத்தவள், வாய்மை தவறாதவள் என்று வரிசைப்படுத்திய பின்னரே ஞானப் பார்வை கூறப்படுகிறது. கணவனுக்காக மூடிய கண்ணே களத்தைக் காணத் தகுதி பெற்ற கண் என்பது குறிப்பு. போரைச் சொல்லச் சஞ்சயனுக்கு ஞானக்கண் கிடைத்தது. போரின் எச்சத்தைச் சொல்லக் காந்தாரிக்குக் கிடைக்கிறது. சஞ்சயன் கேட்போனாகிய அரசனுக்குச் சொன்னான். காந்தாரி, தடுத்திருக்கக் கூடியவனாகிய கண்ணனுக்குச் சொல்கிறாள். 'இதைப் பார், கண்ணா' என்னும் விளி அப்பகுதி நெடுகிலும் திரும்பத் திரும்ப வருகிறது.

உடல்களின் நடுவே

காந்தாரி காண்பவற்றுள் முதலில் மனத்தைத் தாக்குவது பெயர் பெற்ற வீரர் எவருடைய உடலும் அன்று. துண்டிக்கப்பட்ட தலையொன்றை ஓர் உடலோடு பொருத்திப் பார்த்து, இது இவனுடையது அன்று என அறிந்து, உரியதைக் காணாமல் துயருறும் பெண்கள் அங்கே காட்டப்படுகின்றனர். வீரயுகப் பாடல் தலை துணிக்கப்படுவதைப் பாடும். துணிக்கப்பட்ட தலையை யார் தேடி எடுப்பார் என்று பாடுவதில்லை. காந்தாரியின் மகள் துச்சளை, தன் கணவன் சயத்திரதனின் தலையைக் காணாமல் களத்தில் அங்குமிங்கும் ஓடுகிறாள். திரௌபதியைக் கவர்ந்தபோது துச்சளைக்காக இவனை உயிரோடு விட்ட பாண்டவர் இப்போது ஏன் அவளை நினைக்கவில்லை என்பது தாயின் கேள்வி. உறவு ஒருமுறை வீரத்தைத் தடுத்தது, மறுமுறை தடுக்கவில்லை.

துரியோதனன் மனைவியைப் பருவம் இலக்குமணனின் தாய் என்றே சுட்டுகிறது, பெயர் கூறவில்லை. குருதி தோய்ந்த மகனை உச்சி மோக்கிறாள். கணவனின் உடலைக் கையால் துடைக்கிறாள். இவள் வருந்துவது கணவனுக்கா மகனுக்கா என்று காந்தாரி தன்னுள் வினவுகிறாள். மருமகளைப் பார்த்து மாமி கேட்கும் இந்தக் கேள்வி தன்னை நோக்கியதும்தான். இறந்தவன் அவளுக்கு மகன். அவனுடைய பிழைகளை அறிந்தும் தடுக்க இயலாதவனாக உயிரோடு இருப்பவன் அவளுடைய கணவன்.

உத்தரையின் புலம்பல் இன்னும் நுண்ணியது. அபிமன்யுவோடு அவள் வாழ்ந்தது ஆறு திங்கள். ஏழாம் திங்களில் அவன் இறந்தான். அவன் தலையை மடியில் வைத்துக் குருதி படிந்த கூந்தலைச் சீர்செய்து, உயிருள்ளவனிடம் பேசுவது போலப் பேசுகிறாள். அதற்கிடையே, விண்ணுலகில் அரம்பையரிடம் இன்சொல் பேசிப் புன்னகைப்பாய் அல்லவா, அப்போது என் நல்ல செயல்களை நினைப்பாயா என்கிறாள். வீரசுவர்க்கக் கோட்பாட்டுக்கு இதைவிடக் கூரிய மறுப்பு வடமொழிக் காப்பியத்தில் இல்லை என்பது என் துணிபு. களத்தில் விழுந்தவனை அரமகளிர் ஏந்திச் செல்வர் என்பது வீரனுக்குத் தரப்படும் உறுதிமொழி; நம் நடுகற்களிலும் அது புடைப்புச் சிற்பமாக நிற்கிறது. அந்த உறுதிமொழி யாருக்கு இழைத்த வஞ்சனை என்பதைப் பதின்பருவத்து மனைவி ஒருத்தி ஊடலின் தொனியிலேயே கேட்டுவிடுகிறாள். ஒருவனையே நினைந்திருத்தல் மனைவிக்கு விதிக்கப்பட்ட நெறி. களத்தில் இறந்த கணவனுக்கு அந்நெறி விண்ணுலகில் தளர்த்தப்படுகிறது.

பூரிசிரவசின் மனைவியர் பகுதி அலங்கார நூலார் பலரும் எடுத்தாண்டது. அவன் சாத்தகியோடு பொருதுகொண்டிருந்தபோது அருச்சுனன் எய்த அம்பால் கை அறுந்தது. பின் நோன்பிருந்து உயிர்விட அமர்ந்தவனைச் சாத்தகி வெட்டினான். அந்த அறுந்த கையை மடியில் வைத்துக்கொண்டு அவன் மனைவி, இந்தக் கை தன்னை எவ்வாறெல்லாம் தொட்டது என்பதை நினைந்து அழுகிறாள். ஒன்பதாம் நூற்றாண்டுக் காசுமீரத்து ஆனந்தவர்த்தனர் தம் துவன்யாலோகத்தில், சிருங்காரம் நினைவாக வரும்போது கருணச் சுவைக்கு முரணாகாமல் அதை மிகுவிக்கும் என்பதற்கு இதனை எடுத்துக்காட்டினார். மம்மடரும் காவியப்பிரகாசத்தில் இதனைக் கையாண்டார். அவர்கள் கூறியது சுவைக் கோட்பாட்டளவில் சரியே. ஆனால் செய்யுளை அதன் இடத்திலிருந்து பெயர்த்தெடுத்ததால் ஒன்று விடுபட்டுப்போயிற்று. அவள் அக்கையை நினைந்து அழுவதோடு நிற்கவில்லை. அடுத்து, கண்ணன் அருகிருக்க, வேறொருவனோடு பொருது கவனம் பிறழ்ந்திருந்தவனைப் பார்த்தன் வீழ்த்தினான் என்கிறாள். பின்னர்க் கண்ணனை விளித்து, அவைகளிலும் கதைகளிலும் அருச்சுனனின் இந்தப் 'பெருஞ்செயலை' எவ்வாறு எடுத்துச் சொல்வாய் என்று கேட்கிறாள். இவ்வாறு பழித்துவிட்டு அவள் வாய்மூடிவிட, உடன்மனைவியர் தங்கள் மருமகளுக்கு இரங்குவது போல அவளுக்காக அழுகின்றனர்.

காதலின் நினைவு இங்கே வெறும் சுவை மிகுவிப்பு அன்று, அது சான்று. கையை நன்கறிந்தவள் அக்கை அறுந்த விதத்தைக் கேட்க உரிமையுடையவள் ஆகிறாள். அவள் வினா வீரனை மட்டும் தொடவில்லை, வீரக்கதை சொல்லும் மரபையே தொடுகிறது. அவைகளில் சொல்லப்படுவதுதானே இதிகாசம்? அதே இதிகாசம் இந்த வினாவையும் தன்னுள் வைத்திருக்கிறது. பருவத்தின் இறுதியில் திருதராட்டிரன் வினவத் தருமன் மாண்டோர் தொகையைக் கூறி, எவ்வெவ்வாறு இறந்தவர் எவ்வெவ்வுலகு புக்கனர் என்றும் வகுத்துரைக்கிறான். அரசன் எண்ணுகிறான், பெண்கள் அடையாளம் காண்கிறார்கள். இவ்விரண்டையும் அருகருகே வைத்த புலவர் எதையும் விளக்கவில்லை.

காஞ்சித் துறைகளின் ஒளியில்

போருக்குப் பிந்தைய பெண் துயரைத் தமிழ்ப் பொருளிலக்கணம் வியக்கத்தக்க நுட்பத்தோடு பகுத்து வைத்திருக்கிறது. தொல்காப்பியப் புறத்திணையியல் காஞ்சித்திணையில் தொடாக்காஞ்சி, ஆஞ்சிக்காஞ்சி, மூதானந்தம், முதுபாலை, தாபதநிலை, கையறுநிலை முதலியவற்றைக் கூறுகிறது. கணவன் தலையை மார்பிலும் முகத்திலும் சேர்த்து மனைவி உயிர்விடுவதும் அங்கே தனித்துறை. பேய் தொடாதபடி புண்பட்ட கணவனைக் காக்கும் மனைவிக்கு ஒன்று, கொன்ற வேலாலேயே தானும் இறக்கும் மனைவிக்கு ஒன்று, இறவாமல் நோன்பு நோற்பவளுக்கு ஒன்று. இத்தகைய வகைப்பாடு கையில் இருந்தும் ஸ்திரீ பருவத்தை அதன் வழியே படித்த தமிழ் ஆய்வுகள் அரிது.

படித்தால் ஒற்றுமையும் தெரியும். வேற்றுமை அதனினும் கூர்மையாகத் தெரியும். புறநானூறு 278ஆம் பாடலில் நச்செள்ளையார் காட்டும் மூதாட்டி, மகன் புறங்காட்டினான் என்று பலர் கூறக்கேட்டு, வாளோடு களம் புகுந்து, பிணங்களைப் புரட்டிப் பார்த்து, சிதைந்து கிடந்த மகனைக் கண்டு, ஈன்ற பொழுதினும் பெரிது உவக்கிறாள். களத்தில் உடல்களைத் தேடும் தாய் இங்கும் உண்டு, அங்கும் உண்டு. இங்கே தேடுவது புண் எங்கே பட்டது என்பதை. அங்கே தேடுவது மகன் எங்கே என்பதை. இத்தாயின் பார்வை வீர அறத்தின் பார்வை. காந்தாரியின் பார்வை அதைக் கடந்துவிட்டது. துரியோதனன் களத்தில் விழுந்து வீரர்க்குரிய உலகடைந்தான் என்பதை அவளும் சொல்கிறாள், ஆனால் அச்சொல் அவள் துயரை அசைப்பதில்லை. பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு பாடிய 246ஆம் பாட்டோ, கைம்மை வாழ்வின் உணவையும் படுக்கையையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, அதனினும் ஈமத்தீ இனிது என்று சான்றோரிடம் வாதிடுகிறது. அதுவும் ஒருவகையில் தீர்ப்புத்தான். எனினும் அத்தீர்ப்பு கைம்மை நோன்பை நோக்கியது, போரை நோக்கியதன்று.

கம்பன் மண்டோதரியை இங்கு நினைத்துக்கொள்ளலாம். வான்மீகத்தில் புலம்பிப் பின் உயிர் வாழும் மண்டோதரி, கம்பனில் இராவணன் உடலைத் தழுவிப் புலம்பி அங்கேயே உயிர் நீக்கிறாள். மூதானந்தத் துறையின் முழு வடிவம் அது. தமிழ் மனம் அதனை வியந்து போற்றியது. பாண்டிமாதேவியின் இறப்பையும் அவ்வாறே போற்றியது. கணவனோடு மாயும் பத்தினி கதையை நிறைவு செய்துவிடுகிறாள். அவள் இறந்தபின் கேள்வி கேட்க எவரும் இல்லை. ஸ்திரீ பருவத்தின் பெண்கள் இறக்கவில்லை என்பதே அப்பருவத்தின் இடர். அவர்கள் பார்க்கிறார்கள், தேடுகிறார்கள், கேட்கிறார்கள். வில்லி இப்பருவத்தை ஏன் பாடவில்லை என்பதற்குப் புரவலன் வேண்டுகோள், நூலின் வீரச்சுவை நோக்கு எனக் காரணங்கள் பலவாறு கூறப்படும். அவற்றோடு, உயிர்வாழும் பத்தினியின் சினத்தை எத்துறையில் அடக்குவது என்னும் இடர்ப்பாடும் சேர்ந்திருக்கக் கூடும் என்று எண்ணத் தோன்றுகிறது. இது ஊகமே.

ஏட்டில் விடுபட்டதை ஆடுகளம் விடவில்லை. வடதமிழகத்துத் திரௌபதியம்மன் விழாக்களில் பதினெட்டாம் போர் முடிவில் களிமண்ணால் பெரிதாகக் கிடத்திச் செய்த துரியோதனன் உருவத்தின் தொடையை வீமன் வேடத்தார் அடிக்க, திரௌபதி கூந்தல் முடிக்கிறாள். அதனை அடுத்து, இறந்தவனின் தாயோ மனைவியோ வந்து ஒப்பாரி வைக்கும் காட்சியும் படுகளத்தில் இடம்பெறுவதுண்டு. வென்றவளின் கூந்தல் முடிந்த அதே மண்ணில் தோற்றவன் வீட்டுப் பெண்ணும் அழ இடம் தரப்படுகிறது. ஊரார் இரண்டையும் பார்க்கின்றனர்.

அபராதம் யாருடையது?

ஸ்திரீ பருவத்தின் உச்சம் கண்ணனுக்கு இடும் சாபம். அதன் சொல்லமைப்பை நுணுகி நோக்குதல் வேண்டும். காந்தாரி கண்ணன் மீது சாட்டும் குற்றம் கொலையன்று. ஆற்றல் இருந்தும், படை இருந்தும், இருதரப்பும் கேட்கும் சொல்வன்மை இருந்தும் குருகுலம் அழிவதைப் பொருட்படுத்தாமல் விட்டாய் என்பதே. உபேட்சை என்னும் சொல் இங்கே திறவுகோல். பார்த்தும் பாராதிருத்தல் அதன் பொருள். அதற்குத் தண்டனையாக முப்பத்தாறாம் ஆண்டில் அவன் சுற்றத்தார் தமக்குள் பொருது அழிவர் என்றும், அவன் காட்டில் தனித்து இழிந்த முறையில் இறப்பான் என்றும், யாதவப் பெண்களும் இந்தப் பரதகுலப் பெண்களைப் போலவே அழுவர் என்றும் கூறுகிறாள். இச்சாபத்தின் ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதையும் அவளே சொல்லிவிடுகிறாள்: கணவனுக்குப் பணிவிடை செய்து ஈட்டிய தவம். களத்தைக் கண்ட கண்ணும் கண்ணனைச் சபித்த சொல்லும் ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை.

பார்த்தும் பாராதிருந்தாய் என்று சொல்பவள், காணக்கூடிய கண்ணைத் தானே கட்டிக்கொண்டவள். காப்பியம் இந்த முரணை மறைக்கவில்லை. சாபத்திற்குச் சில அத்தியாயங்களுக்கு முன், ஐந்து மக்களையும் இழந்த திரௌபதியைத் தேற்றும்போது, நீ எவ்வாறோ நானும் அவ்வாறே, நம்மை யார் தேற்றுவார் என்று கூறி, என் அபராதத்தால்தான் இந்தக் குலம் அழிந்தது என்கிறாள். சாபத்தைப் புன்முறுவலோடு ஏற்ற கண்ணன் அவளுக்குச் சொல்லும் மறுமொழியிலும் அதே சொல் வருகிறது: உன் அபராதத்தாலேயே கௌரவர் அழிந்தனர். அவள் தன்னைப் பற்றித் தானே சொன்னதை அவன் திருப்பிச் சொல்கிறான். சொல் ஒன்றே, ஆயினும் பொருள் ஒன்றன்று. திரௌபதியிடம் அது பகிர்ந்துகொண்ட துயர். கண்ணன் வாயில் அது வழக்கை முடிக்கும் வாதம். அவள் சூதின்போதும் தூதின்போதும் அவையில் மகனுக்கு எதிராகப் பேசியவள் என்பதைக் கருதினால் கண்ணன் கூற்று முழு நியாயம் ஆகாது. மகனைக் கைவிடுமாறு கணவனிடம் சொன்னவள், கணவன் கேளாதபோது அவனை விட்டு விலகவில்லை என்பதைக் கருதினால் முழு அநியாயமும் ஆகாது. பத்தினிமையின் விலை இங்கேதான் கணக்கிடப்படுகிறது.

கண்ணன் அத்தோடு நிற்கவில்லை. அந்தணப் பெண் தவத்திற்காகக் கருவுறுகிறாள், பசு பாரம் சுமப்பதற்கு, குதிரை ஓடுவதற்கு என்று அடுக்கி, உன்னைப் போன்ற அரசமகள் கொல்லப்படுவதற்காகக் கருவுறுகிறாள் என்று முடிக்கிறான். இதனைப் பொன்முடியாரின் புறநானூறு 312ஆம் பாட்டோடு வைத்துப் பார்க்க வேண்டும். அங்கும் ஈனுதல், சான்றோன் ஆக்குதல், வேல் வடித்துத் தருதல் எனக் கடமைகள் அடுக்கப்பட்டு, மகனின் கடன் இறுதியில் வருகிறது. ஆனால் அம்மகன் களிறு எறிந்து பெயர்கிறான். 'பெயர்தல்' என்னும் அச்சொல் திரும்பி வருதலைக் குறிக்கும். தமிழ்த் தாயின் அறம் மகன் திரும்பி வரும் வாய்ப்பை உள்ளடக்கியது. கண்ணன் காந்தாரிக்குச் சொல்லும் அறத்தில் அந்த வாய்ப்பு இல்லை. வீர அறத்தின் உள்ளீடு இதுதான் என்று இறைவனாகப் போற்றப்படுபவனின் வாயிலேயே சொல்லவைத்துவிட்ட பின், காந்தாரி மறுமொழி கூறவில்லை. அவள் பேசாதிருந்தாள் என்று மட்டும் பருவம் கூறுகிறது. அந்த மௌனத்தை உடன்பாடு எனக் கொள்ளும் உரைகள் எனக்கு உவப்பானவை அல்ல.

கண்ணகியோடு ஒப்பிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஒப்பீடு பொதுவாக இருவரும் பத்தினியர், இருவரும் சினந்தனர் என்பதோடு நின்றுவிடும். மதுரையை எரிக்கத் தீக்கடவுள் ஏவல் கேட்டபோது, கண்ணகி பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விலக்குகிறாள். காந்தாரியின் சாபத்தில் இத்தகைய விலக்கு இல்லை. பெண்களின் துயரைக் கண்டு பொங்கியவள், இன்னொரு குலத்துப் பெண்களுக்கும் அதே துயரை விதிக்கிறாள். மௌசல பருவத்தில் அது நிறைவேறும்போது, அருச்சுனன் அழைத்துச்செல்லும் துவாரகைப் பெண்களை ஆபீரர் வழிமறித்துக் கவர்கின்றனர், காண்டீவம் பயன்படவில்லை. பூரிசிரவசின் மனைவி கேட்ட வினாவுக்கு உரியவனாகிய அதே வில்லாளிதான் அங்கே செயலற்று நிற்கிறான்.

பதினாறு ஆண்டுகளுக்குப் பின்

ஆசிரமவாசிக பருவத்தில் காந்தாரி மீண்டும் பேசுகிறாள். பதினைந்து ஆண்டுகள் பாண்டவரோடு இருந்து, வீமனின் கொடுஞ்சொற்களுக்குப் பின் திருதராட்டிரனும் காந்தாரியும் குந்தியோடு காடு சென்றுள்ளனர். கங்கைக்கரை ஆசிரமத்தில் வியாசர் என்ன வேண்டும் என்று கேட்க, காந்தாரி கைகூப்பி எழுந்து சொல்வது நோக்கத்தக்கது. பதினாறு ஆண்டுகளாக இவ்வரசர் மக்களை நினைந்து அமைதி இழந்தார் என்று தொடங்கி, திரௌபதி, சுபத்திரை, பூரிசிரவசின் மனைவி, தன் நூறு மருமகளிர், குந்தி என ஒவ்வொருவர் துயரையும் பெயர் சுட்டி எடுத்துரைக்கிறாள்.  களத்தில் சாபமாக முடிந்த பேச்சு இங்கே வேண்டுகோளாகிறது. பேச்சின் பொருள் மாறவில்லை. பகைவர் வீட்டுப் பெண்ணும் தன் வீட்டுப் பெண்ணும் ஒரே பட்டியலில் நிற்கின்றனர்.

அன்றிரவு கங்கையிலிருந்து இறந்த வீரர் அனைவரும் பகை நீங்கி எழுந்துவந்து விடியுமளவும் தம்மவரோடு இருக்கின்றனர். விடிந்து அவர்கள் மறைந்தபின், கணவர் உலகை அடைய விரும்பும் பெண்கள் கங்கையில் மூழ்கலாம் என்று வியாசர் கூறுகிறார். கணவனை இழந்த அரசகுலப் பெண்கள் மூழ்குகின்றனர். தமிழ் மரபு களத்திலேயே தந்துவிடும் மூதானந்த முடிவை வியாசபாரதம் பதினாறு ஆண்டுகள் தள்ளிவைத்தே தருகிறது. அவ்வாண்டுகளில் அவர்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதைக் காப்பியம் பாடவில்லை. காந்தாரியின் பட்டியலில் பெயர்களாக மட்டும் அவர்கள் வருகின்றனர். காந்தாரி நீரில் இறங்கவில்லை. அவள் கணவன் உயிரோடு இருக்கிறான். அவனோடு ஆசிரமத்திற்குத் திரும்புகிறாள்.